பழைய மோட்டார் வண்டியும் புதிய பிரேக்கும்

ஓடச் செய்தல் எத்துணை அரிய தொழிலோ, ஓடுவதை வேண்டுமிடத்து நிறுத்துதல் அதனினும் அரிய தொழிலாம். தேர்த் திருவிழாவைக் கண்டோர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். நூற்றுக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கத் தேர் நகரும். ஆயினும், அது வீதியின் முனையில் நெறியாகத் திரும்புவதும், சரிவில் உருண்டு மக்கள்மேற் பாயாது நிற்பதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவார் சிலருடைய கையிலேயே இருக்கின்றன. 'முட்டுக்கட்டை போடுதல்' என்னும் தொடர் இன்று நற்காரியத்தைக் கெடுத்தலைக் குறிக்கும் பழிச்சொல்லாக வழங்குகின்றது. தேரடியிலோ அது உயிர் காக்கும் தொழிலுக்கே பெயராகும். மோட்டார் வண்டிக்கு அம்முட்டுக்கட்டையாய் அமைந்தது பிரேக்கு என்க.

எண்பது, தொண்ணூறு ஆண்டுகட்கு முன்னர்ச் செய்யப்பட்ட வண்டிகளைப் பேணி, இன்றும் சாலையில் ஓட்டி மகிழ்வார் பல நாடுகளிலும் உளர். அவ்வண்டிகள் பிறந்த காலத்துச் சாலைகளில் போக்குவரத்து மிகக் குறைவு, விரைவும் குறைவு. இன்றோ, முன்னே செல்லும் புதிய கார் நொடிப்பொழுதில் நின்றுவிடுகின்றது. பின்னே வரும் பழைய கார் அங்ஙனம் நிற்கமாட்டாது. ஆதலின், பழைய வண்டியின் பிரேக்கை மாற்றலாமோ, மாற்றலாமெனின் எம்முறையில் மாற்றுவது, மாற்றுங்கால் எவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்னும் வினாக்கள் எழுகின்றன. இவற்றை, அமெரிக்க நாட்டில் செய்யப்பட்ட ஃபோர்டு 'மாடல் ஏ' என்னும் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. எடுத்துக்கொண்ட வண்டி

1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனத்தார் 'மாடல் டி' என்னும் வண்டியைச் செய்து வந்தனர். அதன் கால்பிரேக்கு கியர்ப்பெட்டிக்குள் இருந்த ஓர் உருளையைப் பட்டையால் இறுக்குவது. கைப்பிரேக்கு பின்சக்கரங்கள் இரண்டை மட்டும் பற்றுவது. முன்சக்கரங்களுக்குப் பிரேக்கு என்பதே இல்லை. 1927 டிசம்பரில் வெளிவந்த 'மாடல் ஏ' இக்குறையை நீக்கியது. நான்கு சிலிண்டர்களும் நாற்பது குதிரைத்திறனும் உடைய இவ்வண்டி மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் விரைவை எட்டவல்லது. ஆகவே, நான்கு சக்கரங்களுக்கும் பிரேக்கு அமைத்தனர். 1931 ஆம் ஆண்டு மாடல் வரை 48 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டமையின், அவற்றுட் பல இன்றும் ஓட்டத்தில் உள்ளன.

இதன் பிரேக்கு முழுதும் எஃகுக் கோல்களால் இயங்குவது. ஓட்டுவோன் மிதியை அழுத்த, வண்டியின் குறுக்கே கிடக்கும் ஒரு தண்டு சுழலும். அத்தண்டினின்று சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு கோல்கள் செல்லும். பின்சக்கரங்களில் அக்கோல் ஒரு நெம்புகோலைத் திருப்பி, டிரம் எனப்படும் உருளைக்குள் அமைந்த இரண்டு அரைவட்டக் கட்டைகளை வெளிப்புறமாக விரிக்கும். இக்கட்டைகளையே பிரேக் ஷூ என்பர். முன்சக்கரங்களோ இடவலமாகத் திரும்ப வேண்டியவை. ஆதலின், திருப்புத்தண்டின் நடுவே ஓர் ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அது ஓர் ஆப்பை அழுத்த, அவ்வாப்பு ஷூக்களைப் பிரிக்குமாறு செய்தனர். சக்கரம் எப்பக்கம் திரும்பினும் ஊசியின் இடம் மாறாமையால் பிரேக்கும் பிறழாது. நுட்பமான அமைப்பே, ஆயினும், அதன் நலம் முழுதும் ஒவ்வோர் இணைப்பும் தேய்வின்றி இருத்தலைப் பொறுத்தது.

2. நிறுத்துதலின் கணக்கு

ஓடும் வண்டியிடத்து இயக்க ஆற்றல் உள்ளது. அஃது எடையைப் பொறுத்து நேராகவும், விரைவைப் பொறுத்து இருமடிப் பெருக்கமாகவும் வளர்வது. எனவே விரைவு இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். 1,100 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவில் செல்லுங்கால் அதன் ஆற்றல் 55,000 ஜூல். 72 கிலோமீட்டரில் 2,20,000 ஜூல். இவ்வாற்றல் அழிவதன்று, உராய்வினால் வெப்பமாக மாறுவது. மேற்கூறிய 2,20,000 ஜூல் வெப்பம், 30 பாகை வெம்மையுள்ள முக்கால் லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒருமுறை வண்டியை நிறுத்துதல் என்பது நான்கு டிரம்களுக்கிடையே அவ்வளவு வெப்பத்தைப் பகிர்ந்து ஊட்டுதலேயாம். நெடிய மலைச்சரிவில் இறங்குங்கால் இஃது எத்துணை பெருகும் என்பதை அறிவுடையோர் எண்ணிக் காண்க.

இனி, நிற்கும் தொலைவைக் கருதுவோம். புதிய கார் ஒன்று நொடிக்கு நொடி 8 மீட்டர் வீதம் விரைவு குறைந்து நிற்பதாகவும், தேய்ந்த பிரேக்குடைய பழைய வண்டி 4 மீட்டர் வீதமே குறைவதாகவும் கணக்கின்பொருட்டுக் கொள்க. இரண்டும் 72 கிலோமீட்டர் விரைவில் வந்து ஒரே இடத்தில் பிரேக்கு அழுத்தப்படுமாயின், புதியது 25 மீட்டரில் நிற்கும். பழையதற்கு 50 மீட்டர் வேண்டும். இதனால் இரு மடங்கு தொலைவு என்று மட்டும் கொள்ளற்க. புதிய கார் நின்றுவிட்ட அந்த 25 ஆம் மீட்டரில், பழைய வண்டி இன்னும் மணிக்கு 51 கிலோமீட்டர் விரைவோடு சென்றுகொண்டிருக்கும். அவ்விடத்தில் ஒரு குழந்தை குறுக்கிடுமாயின் நேர்வது யாதென யாம் கூறவும் வேண்டுமோ? பிரேக்கைச் சீர்திருத்தல் வண்டியின்மேல் வைத்த ஆசையினால் எழுந்த பொழுதுபோக்கன்று, பிறர் உயிர்க்குச் செய்யும் கடமை என்பது இதனாற் பெறப்படும்.

3. உள்ளதைச் செப்பனிடுதல்

பழைய பிரேக்கு நன்றாய்ப் பற்றவில்லை என்று கூறுவோர் பலர், புதிய வண்டியாக இருந்தபோது அஃது எங்ஙனம் பற்றியது என்பதை அறிந்திலர். தொண்ணூறு ஆண்டுத் தேய்வைப் பழைய அமைப்பின் குற்றமாகக் கொள்ளுதல் முறையன்று. ஆதலின், மாற்றத்துக்கு முன் செப்பனிடுதலே முதற்படியாம்.

இணைப்பு ஊசிகளும் துளைகளும் தேய்ந்து, ஒவ்வோரிடத்தும் சிறிது சிறிது தளர்ந்திருக்கும். அத்தளர்வுகள் எல்லாம் கூடியவழி, மிதியின் இயக்கத்திற் பெரும்பகுதி தளர்வை நீக்குவதிலேயே கழியும். ஷூவை அழுத்த எஞ்சுவது சிறிதேயாம். எனவே ஊசிகளையும், குறுக்குத்தண்டின் தாங்கிகளையும், ஷூக்கள் சார்ந்து நகரும் உருளைகளையும் அவற்றின் தடங்களையும் புதுப்பித்தல் வேண்டும்.

அடுத்தது டிரம். தொடக்கத்தில் இவ்வண்டிக்கு அமைந்த டிரம்கள் எஃகுத் தகட்டை அழுத்திச் செய்தவை. அவை வெப்பமுற்றால் வாய்ப்புறம் விரிந்து ஷூவினின்று விலகும். விலகவே பிடிப்புக் குறையும். வார்ப்பிரும்பால் செய்த கனத்த டிரம்கள் வெப்பத்தை மிகுதியாக ஏற்கும், உருமாறுதலும் குறைவு. மாடல் ஏ வண்டியைப் பேணுவார் முதலிற் செய்யும் சீர்திருத்தங்களுள் இஃது ஒன்று. வெளித்தோற்றம் இதனால் மாறுவதில்லை.

மூன்றாவது, ஷூவின்மேல் ஒட்டப்படும் லைனிங். டிரம்மின் உட்புற வளைவும் லைனிங்கின் வளைவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின், ஷூவின் நுனியோ நடுவோ மட்டும் தொடும். எத்துணை வலிதின் மிதித்தாலும் பயன் சிறிதே. ஆகவே லைனிங்கை அவ்வவ் டிரம்மின் வளைவுக்கேற்பத் தேய்த்துப் பொருத்துவர். ஷூக்கள் தாமே நடுவிடம் தேடி அமையுமாறு சிறிது நெகிழ்ச்சி தரும் அமைப்புகளும் உண்டு.

நான்காவது, சமன்செய்தல். இவ்வண்டியில் நான்கு கோல்களுக்கும் இடையே விசையைத் தானே பங்கிடும் கருவி இல்லை. ஒரு கோல் சற்றுக் குறுகியிருப்பின் அச்சக்கரமே முதலிற் பற்றும். வண்டி அப்பக்கம் இழுக்கும். சக்கரங்களைத் தரையினின்று உயர்த்தி, மிதியைப் படிப்படியாக அழுத்தி, நான்கும் உரிய அளவிற் பற்றுகின்றனவா என ஒவ்வொன்றாகச் சோதித்துத் திருத்துவதே இதற்குரிய வழி. இவ்வளவும் செய்தபின், மெதுவாகச் செல்லும் வண்டிக்குப் பழைய கோல்பிரேக்கே போதுமானதாக இருத்தல் கூடும். செய்யாமலே புதியதை நாடுவோர், நோயை ஆராயாது மருந்தை மாற்றும் மருத்துவரை ஒப்பர்.

4. திரவப் பிரேக்கு

மூடிய கலத்துள் அடங்கிய திரவத்தின்மேல் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம், குறைவின்றி எப்புறத்தும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் நிறுவிய விதி. திரவப் பிரேக்கின் அடிப்படை இதுவே. மிதியை அழுத்த, மாஸ்டர் சிலிண்டரில் உள்ள உந்து தண்டு திரவத்தை நெருக்கும். அந்நெருக்கம் குழாய்வழிச் சென்று ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரின் உந்து தண்டுகளை வெளியே தள்ளும். ஷூக்கள் டிரம்மைப் பற்றும்.

ஓர் எடுத்துக்காட்டு: கால் 30 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்துவதாகவும், மிதியின் நெம்புதிறன் அதனை ஐந்து மடங்காக்குவதாகவும் கொள்வோம். மாஸ்டர் சிலிண்டரின்மேல் 150 கிலோகிராம் விழும். அதன் பரப்பு 5 சதுர சென்டிமீட்டராயின், திரவத்தின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோகிராம். சக்கரச் சிலிண்டரின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டராயின், அதன் ஒவ்வோர் உந்து தண்டும் 180 கிலோகிராம் விசையோடு ஷூவைத் தள்ளும். கோல்பிரேக்கில் கைவினைஞன் அரிதின் முயன்று உண்டாக்கும் சமநிலையை, ஈண்டுத் திரவம் தன் இயல்பினாலேயே உண்டாக்குகின்றது. இதுவே இம்முறையின் பெருஞ்சிறப்பு.

1921 இல் டியூசன்பெர்க் என்னும் அமெரிக்க வண்டியும், 1924 இல் கிரைஸ்லரும் நான்கு சக்கரங்களிலும் திரவப் பிரேக்கைக் கொண்டன. 1936 இல் செவ்ரலே அதனை மேற்கொண்டது. கசியும் திரவத்தினும் எஃகுக் கோலே நம்பத்தக்கது என்னும் கொள்கையுடைய ஃபோர்டு நிறுவனம் 1939 ஆம் ஆண்டு மாடலில்தான் மாறியது. மாறிய பின்னரோ, பழைய ஃபோர்டு வைத்திருந்தோர்க்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டுகளின் 12 அங்குல டிரம்மும் ஷூவும் தாங்குதகடும் சிறு திருத்தங்களோடு மாடல் ஏ வண்டியின் முன்னச்சில் பொருந்தின. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை விரைந்தோட்டிப் பழகிய இளைஞர்கள் இம்மாற்றத்தைப் பெரிதும் கையாண்டனர். இன்றும் மாடல் ஏ வண்டிக்குத் திரவப் பிரேக்கு அமைப்போர் பெரும்பாலும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர்.

5. மாற்றுவோர் மறவாதிருக்க வேண்டியவை

முதலாவது, முன்பின் சமநிலை. பிரேக்கு அழுத்தியவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. மாடல் ஏ வண்டியின் அச்சுகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 2.63 மீட்டர். அதன் எடைமையம் தரைக்கு மேல் 60 சென்டிமீட்டரில் உள்ளதெனக் கொண்டு, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் ஆறு பங்கு வீதம் விரைவு குறைக்கப்படுவதாகக் கணக்கிட்டால், மொத்த எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு, அதாவது 150 கிலோகிராம் அளவு, பின்னச்சினின்று முன்னச்சுக்கு மாறும். பாரம் குறைந்த பின்சக்கரங்களை மிகுதியாகப் பற்றினால் அவை சுழற்சி நின்று வழுக்கும். வண்டி பக்கவாட்டிற் சுழன்றுவிடும். ஆதலின், பின்பிரேக்கை மட்டும் வலுப்படுத்துதல் வலுப்படுத்தாமையினும் தீது.

இரண்டாவது, இரட்டை வழி. பழைய திரவப் பிரேக்கில் ஒரே மாஸ்டர் சிலிண்டரும் ஒரே திரவ வழியும் இருந்தன. எங்கேனும் ஒரு குழாய் வெடிப்பின் நான்கு சக்கரங்களின் பிடியும் ஒருங்கே போகும். ஃபோர்டு நிறுவனத்தார் அஞ்சியது இதனையே, அவ்வச்சம் காரணமற்றதன்று. முன்சக்கரங்களுக்கு ஒரு வழியும் பின்சக்கரங்களுக்கு ஒரு வழியுமாகப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் 1960களில் பரவிற்று. இன்று புதிதாக மாற்றுவோர் இதனை அமைத்தலே அறிவுடைமை.

மூன்றாவது, கைப்பிரேக்கு. மாடல் ஏ வண்டியின் தொடக்க அமைப்பில் கைப்பிரேக்கும் கால்பிரேக்கும் ஒரே ஷூக்களையே இயக்கின. 1928 ஆம் ஆண்டிலேயே இம்முறை மாற்றப்பட்டு, கைப்பிரேக்குக்குப் பின் டிரம்களில் தனிப்பட்டை அமைக்கப்பட்டது. திரவப் பிரேக்குக்கு மாறுவோர் பழைய கருவிகளைக் கழற்றுங்கால் இத்தனிப்பட்டையும் உடன் நீங்கிவிடும். திரவம் முழுதும் ஒழுகிப் போனாலும் வண்டியை நிறுத்தவல்ல, கம்பியால் இயங்கும் கைப்பிரேக்கு ஒன்றை அமைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, திரவத்தின் தன்மை. பேச்சு வழக்கில் இதனைப் 'பிரேக் ஆயில்' என்கின்றோம். பெயர் அதுவேயாயினும் பொருள் எஞ்சின் ஆயில் போன்ற தாது எண்ணெயன்று. பெயரை நம்பித் தாது எண்ணெயை ஊற்றினால், சிலிண்டருள் உள்ள ரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும், பிரேக்கும் கைவிடும். ஒரு சொல்லின் பொருளைப் பிறழ உணர்வதால் நூலில் உரை கெடும். ஈண்டு உயிரே கெடும். மேலும், பெரும்பாலும் வழங்கும் டாட் 3, டாட் 4 திரவங்கள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பவை. டாட் 3 திரவம் புதிதாயிருக்குங்கால் 205 பாகை சென்டிகிரேடு வரை கொதியாதிருத்தல் வேண்டுமென்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வளவு 140 பாகையாகத் தாழும். கொதித்த திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தத்தால் நெருங்கிவிடுமாதலின் மிதி வெறிதே தரையைத் தொடும். எப்போதேனும் ஒருநாள் வெளியே எடுக்கும் பழைய வண்டியில் திரவம் தேய்வதில்லை என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் மாற்றாதிருத்தல் பெரும்பிழை.

ஐந்தாவது, டயர். பிரேக்கு சக்கரத்தையே நிறுத்துகின்றது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு. மாடல் ஏ வண்டியின் டயர்கள் மிகக் குறுகலானவை. 1928, 1929 ஆம் ஆண்டு வண்டிகளில் அவற்றின் அகலம் நாலரை அங்குலம். சக்கரம் வழுக்கும் எல்லையை எட்டியபின் பிரேக்கின் வலிமையைக் கூட்டுதலால் பயன் யாதுமில்லை. வெடித்து இறுகிய பழைய டயரோடு புதிய பிரேக்கைச் சேர்த்தல் பொருந்தாக் கூட்டு.

ஆறாவது, செய்வோருடைய நலம். பழைய லைனிங்குகளிற் பெரும்பாலன கல்நார் கலந்தவை. அதன் தூசி நுரையீரலிற் புகுந்து நெடுங்காலத்துக்குப் பின்னர்க் கொடிய நோய் விளைக்கும். டிரம்மைக் கழற்றித் தூசியைக் காற்றால் ஊதுதல் பல பட்டறைகளில் வழக்கமாக இருந்தது. அதனை அறவே விடுத்து, நீரால் நனைத்துத் துடைத்தலும், தக்க முகமூடி அணிதலும் வேண்டும்.

6. வட்டுப் பிரேக்கு

திரவத்தோடு அமையாது, டிரம்மையும் நீக்கி வட்டுப் பிரேக்கு, அதாவது டிஸ்க் பிரேக்கு, அமைப்போரும் உளர். வட்டு திறந்த வெளியிற் சுழல்வதால் விரைவில் ஆறும். வெப்பமுற்று விரிந்தாலும் பிடியினின்று விலகாது. 1953 இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வட்டுப் பிரேக்குடைய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றதன் பின் இதன் புகழ் ஓங்கியது. எனினும் இதற்கு மிதியை மிகுந்த விசையோடு அழுத்த வேண்டும். டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியினாலேயே உள்ளிழுக்கப்பட்டுத் தானே இறுகும். வட்டில் அவ்வுதவி இல்லை. மேலும், மாடல் ஏ வண்டியின் கம்பிச் சக்கரத்துக்குள் வட்டு வெளிப்படையாகத் தோன்றும். குறைந்த விரைவில் உலா வரும் வண்டிக்கு நல்ல டிரம் பிரேக்கே அமையும் என்பது எம் கருத்து.

7. பழமையும் பாதுகாப்பும்

இனி, ஒரு தடை எழுப்பப்படும். 'பழைய பொருளைப் பழையவாறே காத்தலன்றோ பேணுதல்? பிரேக்கை மாற்றியபின் அது பழைய வண்டியாகுமோ?' என்பது அது. இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இந்திய அரசு 2021 இல் வகுத்த விதிகளும், ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்டனவும் பெரிய மாற்றங்களின்றி மூல வடிவிற் காக்கப்பட்டனவுமான வண்டிகளையே பழம்பெரும் வண்டிகளாக ஏற்கின்றன. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்போர், பொருள் விளங்கவில்லை என்று மூலபாடத்தைத் தம் மனம்போலத் திருத்துவாராயின் அதனை நாம் ஒப்புவதில்லை அன்றோ?

ஆயினும், சுவடி பெட்டியில் உறங்கலாம். வண்டியோ வீதியில் ஓடுகின்றது. காட்சிச்சாலையில் நிற்கும் வண்டியின் பிரேக்கை மாற்றக் காரணம் இல்லை. பிறர் நடக்கும் சாலையில் ஓடும் வண்டிக்கோ, பழமையினும் பாதுகாப்பே முற்பட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் வழியும் உண்டு. சுவடிப் பதிப்பாசிரியர் மூலத்தை மேலே நிறுத்தித் தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் தருவதுபோல, சட்டத்தை வெட்டாமலும் துளையிடாமலும், வேண்டியபோது பழைய நிலைக்கு மீட்கத்தக்கவாறு மாற்றுதல் வேண்டும். கழற்றிய கோல்களையும் தண்டையும் டிரம்களையும் எண்ணெய் பூசிப் பெயர்ச்சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்தல் வேண்டும். யாது மாற்றப்பட்டது, எந்நாள் மாற்றப்பட்டது என்பதை எழுதி வைத்தல் வேண்டும். இங்ஙனம் செய்வோன் பழமையைக் கெடுத்தவனாகான். பின்வருவோர்க்கு அதனைப் பழுதின்றி ஒப்படைத்தவனாவான்.

சுருங்கக் கூறின், உள்ளதை முதலிற் செப்பனிடுக. மாற்ற வேண்டுமெனின் நான்கு சக்கரங்களையும் ஒருங்கே கருதி மாற்றுக. ஒரு வழி தவறினும் மறுவழி காக்குமாறு அமைக்க. மாற்றிய பின்னரும் முன்செல்லும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடையே போதிய தொலைவு விடுக. இவற்றுட் கடைசியாகக் கூறியதற்குப் பொருட்செலவும் இல்லை, கைவினையும் வேண்டா. எஞ்சினின் ஆற்றலைப் புகழ்வார் பலர். பிரேக்கின் அருமையை நினைப்பார் சிலர். தேரின் அழகைக் கண்டு கைகூப்பும் கூட்டத்தில், சக்கரத்தடியிற் குனிந்து முட்டுக்கட்டை இடுவானை நோக்குவார் சிலரே. எனினும், தேர் ஊறின்றி நிலைக்கு வந்து சேர்வது அவனால் என்பதை நாம் மறவாதிருப்போமாக.